அந்தியில் எரியும் விளக்குகள்

அன்புள்ள ஐயா,

பணி ஓய்வுக்குப் பிறகு நீர்வண்ணம் பழகி வருகிறேன். சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் வீட்டுச் சன்னலிலிருந்து தெரியும் அந்திக் காட்சியைச் சில படங்களாக வரைந்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஆரஞ்சு, ஊதா எல்லாம் இருக்கிறது, ஆனாலும் பார்ப்பவர்கள் "காலையா, மாலையா?" என்று கேட்கிறார்கள். அந்தி நேரத்தில் மனத்தில் ஏறும் கனம் படத்தில் வரவில்லை. விலை உயர்ந்த வண்ணம் வாங்கினால் சரியாகுமா?

ஒரு வாசகர், ஈசூன்

அன்புள்ள நண்பருக்கு,

படங்களைப் பார்த்தேன். வானம் நன்றாகவே வந்திருக்கிறது, சிக்கல் கீழே. வானத்தில் மணி ஏழு, அடுக்குமாடி புளோக்கிலும் மரங்களிலும் இன்னும் மூன்று. நீர்வண்ணத்தில் தாளின் வெள்ளையைவிடப் பிரகாசமாக எதையும் வைக்க முடியாது என்பதால், வானம் ஒளிர வேண்டுமென்றால் தரையைத்தான் இருட்டாக்க வேண்டும், அதுவும் மரம், சுவர், வேலி என்று தனித்தனியாகத் தெரியாமல் ஒரே கருமையாக ஒட்டிப்போகும் அளவுக்கு. முதல் தடவை கை கூசத்தான் செய்யும்.

இன்று மாலை கீழே இறங்கிப் போய், வேலியோரம் சிவப்பு இட்லிப்பூ இருந்தால் இருட்டும்வரை பாருங்கள். பூ முதலில் கறுக்கும், இலை அப்புறம்தான். வெளிச்சம் குறையக் குறைய நம் கண் சிவப்பைத்தான் முதலில் கைவிடும், பச்சையும் நீலமும் இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும். செக் அறிவியலாளர் புர்கின்யே 19ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். நீங்களோ முன்னால் இருக்கும் தொட்டிச்செடியில் பளிச்சென்று சிவப்பு வைத்திருக்கிறீர்கள். பாதிப் பகல் அந்தத் தொட்டியிலிருந்துதான் வருகிறது.

அப்புறம் விளக்கு. வானத்து வெளிச்சமும் விளக்கு வெளிச்சமும் சமமாக நிற்பது சில நிமிடங்கள்தான். காகித விளக்கு ஏற்றும் இரண்டு சிறுமிகளை ஓர் ஆங்கிலேயக் கிராமத் தோட்டத்தில் வைத்து வரைந்த ஓவியர் சார்ஜென்ட், அந்தச் சில நிமிடங்களுக்காகவே மாலைதோறும் காத்திருந்து, 1885இல் தொடங்கிய படத்தை 1886இல்தான் முடித்தார். நமக்கு அவசரம் இன்னும் அதிகம். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்கி, மறைந்த சுமார் இருபது நிமிடத்தில் இருட்டிவிடும். அதனால் எது எதைவிட இருட்டு என்பதை மட்டும் அங்கேயே பென்சிலில் குறித்துக்கொள்ளுங்கள், வண்ணத்தை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் படத்தில் எல்லாச் சன்னலிலும் மஞ்சள். ஒன்றிரண்டு போதும். முல்லைத்திணைக்கு மாலையைப் பொழுதாக வைத்தவர்கள் அதில் காத்திருக்கும் தலைவியையும் வைத்தார்கள். எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தால் யார் யாருக்குக் காத்திருப்பது?

வண்ணம் இப்போது இருப்பதே போதும். அந்தக் காசுக்குச் சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள பருத்தித் தாள் வாங்குங்கள். இருட்டை இரண்டு மூன்று பூச்சாக ஏற்றும்போது மெல்லிய தாள் நெளிந்துவிடும், உங்கள் மூன்றாவது படத்தின் வலது ஓரத்தில் ஆகியிருப்பது அதுதான்.