பின்சீட்டில் அம்மாவை ஏற்றிக்கொண்டு ஓட்டிப் பாருங்கள்

கேள்வி (மடிப்பாக்கம் வாசகர்): பதினோரு வருஷமாக டீசல் கார்தான் ஓட்டுகிறேன். இப்போது 30 லட்சம் ரூபாய் வரை போட்டு மஹிந்திரா எக்ஸ்இவி 9இ வாங்கலாம் என்று இருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை ஓஎம்ஆரில் கால் மணி நேரம் ஓட்டக் கொடுத்தார்கள். மிதித்ததும் சீறிக்கொண்டு போனதில் அசந்துவிட்டேன். புக் செய்துவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள் சார். அந்தச் சீறலில் எல்லோரும்தான் விழுகிறோம், நானும் விழுந்திருக்கிறேன். மின்மோட்டார் நின்ற இடத்திலிருந்தே முழு இழுவையையும் கொடுத்துவிடும், கியர் மாறும் வரை காத்திருக்கிற கதையே கிடையாது, அதனால் இந்த விலையில் எந்த எலக்ட்ரிக் எஸ்யூவியை மிதித்தாலும் முதுகு சீட்டோடு ஒட்டத்தான் செய்யும். பெரிய பேட்டரி உள்ள 9இ பூஜ்யத்திலிருந்து நூறைத் தொட 6.8 விநாடி என்பது கம்பெனி கணக்கு. மேடவாக்கம் கூட்ரோட்டில் அந்த 6.8 விநாடி உங்களுக்கு எங்கே கிடைக்கப் போகிறது?

என் மச்சானுக்குக் கார் பார்க்கப் போன கதையைச் சொல்கிறேன். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம், விலை அரைக் கோடியை ஒட்டி. கூட அத்தையும் வந்தார், அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. முதல் சிக்கல் கதவிலேயே வந்தது. கைப்பிடி கதவோடு கதவாகப் பதிந்திருக்கும் ரகம், ஒரு முனையைக் கட்டைவிரலால் அழுத்தி மறுமுனையை இழுக்க வேண்டும். அத்தை தடவிப் பார்த்துவிட்டு, “இதுக்குப் பிடியே இல்லையாடா?” என்றார். ஏறி உட்கார்ந்தால் அடுத்தது. பேட்டரி முழுக்கத் தரைக்கு அடியில் இருப்பதால் பின்பக்கத் தரை உயர்ந்துவிடுகிறது, சீட்டு அந்த அளவுக்கு உயரவில்லை, முழங்கால் மேலே தூக்கிக்கொண்டு தொடை சீட்டில் படாமல் அந்தரத்தில் நிற்கிறது. முழங்கால் வலி உள்ளவர்களுக்குப் பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். முன்சீட்டில் உட்கார்ந்திருக்கிற நமக்குப் பத்து வருஷம் ஆனாலும் தெரியாது.

அப்புறம் வண்டி தரமணி சிக்னல்களுக்குள் நுழைந்தது. அத்தை பொறுத்துப் பார்த்துவிட்டு, “டேய், ஏன்டா சும்மா சும்மா பிரேக் போடுற, வயித்தைப் புரட்டுது” என்றார். மச்சான், “நான் பிரேக்கைத் தொடவே இல்லம்மா!” அவன் சொன்னது நிஜம். எலக்ட்ரிக் காரில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் மோட்டாரே ஜெனரேட்டர் மாதிரி வேலை செய்து பேட்டரிக்குக் கொஞ்சம் மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும், அந்த நேரத்தில் வண்டியைப் பின்னால் இழுத்துப் பிடித்த மாதிரி வேகம் குறையும். ரீஜென் என்பார்கள். அதை உச்சத்தில் வைத்திருந்தார்கள். பழக்கமில்லாத கால் அதில் டக்கென்று எடுத்து டக்கென்று வைக்கும், பின்சீட்டுக்காரர் தலை முன்னும் பின்னுமாக ஆடும். சேல்ஸ் தம்பியிடம் சொல்லிக் குறைத்த பிறகுதான் அத்தை ஜன்னல் பக்கம் திரும்பி வேடிக்கையே பார்த்தார்.

அதனால் மறுபடியும் ஒரு டெஸ்ட் டிரைவ் கேளுங்கள், இந்த முறை வீட்டில் இருப்பவர்களை ஏற்றிக்கொண்டு. ரீஜென்னை ஒவ்வொரு அளவிலும் வைத்து ஓட்டிப் பாருங்கள். ஹூண்டாய் ஐயானிக் 5 போன்றவற்றில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் பட்டையாலேயே கூட்டிக் குறைக்கலாம், சிலவற்றில் ஸ்கிரீனுக்குள் போய்த் தேட வேண்டும், ஓட்டிக்கொண்டே அது ஆகிற காரியமா என்பதையும் பாருங்கள். பாதி தூரம் நீங்களே பின்சீட்டுக்கு மாறி உட்காருங்கள். சேல்ஸ்மேன் விநோதமாகப் பார்ப்பார், பார்க்கட்டும்.

ஷோரூம் வழக்கமாக அழைத்துப்போகும் பாதை வழுவழு என்றிருக்கும். அதை விட்டுவிட்டு உங்கள் தெருவுக்கு ஓட்டிப் போங்கள். 9இ உருவானது செங்கல்பட்டு பக்கம் மஹிந்திரா ரிசர்ச் வேலியில், 2024 நவம்பரில் அறிமுக விழாவும் சென்னையில்தான் நடந்தது, அதனால் நம் ஊர் ஸ்பீடு பிரேக்கருக்குப் பழகிய வண்டி என்று நினைத்துவிடாதீர்கள். அதன் கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் வண்டியின் வயிற்றுக்கும் நடுவே உள்ள இடைவெளி, 207 மில்லிமீட்டர், நல்ல உயரம். ஐயானிக் 5-க்கு 163 தான், இரண்டு அச்சுகளுக்கு நடுவே நீளமோ மூன்று மீட்டர். பெயின்ட் அடிக்காத மேட்டில் ஐந்து பேரோடு ஏறும்போது இந்த நீளம்தான் வயிற்றை உரசவைக்கும், அந்த வயிற்றில்தான் லட்சக்கணக்கில் விலையுள்ள பேட்டரி இருக்கிறது. ரோடு போடப் போட உயர்ந்துகொண்டே போய், பழைய வீடுகள் பள்ளத்திலும் புது வீடுகள் செங்குத்துச் சரிவுக்கு மேலேயும் நிற்கிற ஊர் இது. உங்கள் வீட்டுச் சரிவில் ஒரு தடவை ஏற்றி இறக்கிவிடுங்கள். 9இ அகலம் பக்கக் கண்ணாடியைச் சேர்க்காமலேயே 1,907 மில்லிமீட்டர், ஆறே கால் அடி. கேட்டை அளந்துவிட்டீர்களா?

கேள்வி (அண்ணா நகர் வாசகி): நானும் எக்ஸ்இவி 9இ தான் பார்த்தேன். 656 கிலோமீட்டர் ரேஞ்ச் என்று போட்டிருக்கிறார்கள். மதுரைக்கு ஒரே சார்ஜில் போய்விடலாம் மேடம் என்கிறார் ஷோரூமில். நம்பலாமா?

பதில்: அந்த 656 ஆய்வுக்கூடத்து எண். அந்தச் சோதனையில் ஊருக்குள் ஓட்டுகிற பகுதியில் வேகம் 50-ஐத் தாண்டாது, நெடுஞ்சாலைப் பகுதியிலும் உச்சம் 90 தான். திண்டிவனம் தாண்டி யார் அப்படி ஓட்டுகிறார்கள்? 79 கிலோவாட் அவர் பேட்டரி என்றால் நம் ஈபி கணக்கில் 79 யூனிட். நூறு வேகத்தில், ஏசி போட்டு, வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து போனால் 100 கிலோமீட்டருக்குச் சுமார் 17, 18 யூனிட் குடிக்கும். வகுத்துப் பாருங்கள், 450 பக்கம் வரும். மதுரை 460. கடைசி யூனிட் வரை உறிஞ்சிக்கொண்டு யாரும் ஊர் போய்ச் சேர மாட்டார்கள், அதனால் திருச்சிப் பக்கம் ஒருமுறை நிறுத்தி, சார்ஜ் போட்டுவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போவதுதான் நிம்மதி. 20-லிருந்து 80 சதவீதத்துக்கு 20 நிமிஷம் என்பது 180 கிலோவாட் சார்ஜரில். வழியில் கிடைப்பது 60 கிலோவாட் என்றால் முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும், உங்களுக்கு முன்னால் இன்னொரு வண்டி நின்றால் அந்த நேரமும் சேரும்.

டெஸ்ட் டிரைவில் இதைப் பார்க்க ஒரு வழி உண்டு. கிளம்பும்போது டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள், முடிந்ததும் 100 கிலோமீட்டருக்கு எத்தனை யூனிட் என்று ஸ்கிரீனில் பாருங்கள். ஐந்தாறு கிலோமீட்டரில் அந்த எண் பொய் சொல்லும், வெயிலில் நின்ற காரைக் குளிரவைக்கவே ஏசி நிறைய எடுத்துக்கொண்டிருக்கும். 20 கிலோமீட்டராவது வேண்டும். மதியம் இரண்டு மணிக்குப் போனால் இன்னொன்றும் தெரியும். பல மாடல்களில் கூரை முழுக்கக் கண்ணாடி. மாலையில் பார்த்தால் அழகு, சென்னை வெயிலில் உச்சந்தலை சொல்லும்.

கேள்வி (போரூர் வாசகர்): அபார்ட்மென்டில் இருக்கிறேன். ஃபாஸ்ட் சார்ஜர் மாட்ட அசோசியேஷன் சம்மதிக்கவில்லை. 15 ஆம்பியர் பிளக் மட்டும் பார்க்கிங்கில் இருக்கிறது. போதுமா?

பதில்: மேலே சொன்ன 79 யூனிட் பேட்டரியைக் காலியிலிருந்து நிரப்ப வேண்டும் என்றால் போதாது, 15 ஆம்பியரில் கிட்டத்தட்ட 24 மணி நேரம் ஆகும், 7.2 கிலோவாட் சார்ஜரில் 11, 12 மணி நேரம். ஆனால் தினமும் யார் காலியாகக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள்? ஆபீஸ் போய்வர 40 கிலோமீட்டர் என்றால் ஏழு யூனிட் போல செலவு, இரண்டு மூன்று மணி நேரத்தில் ஏறிவிடும். அசோசியேஷனோடு சண்டை போடுவதற்கு முன் நல்ல எலக்ட்ரீஷியனை வைத்து அந்த பிளக்குக்கு வருகிற வயரையும் எர்த்தையும் பார்த்துவிடுங்கள். எப்போதோ இஸ்திரிப் பெட்டிக்குப் போட்ட வயரில் விடிய விடிய முழு லோடு ஓடினால் பிளக் உருகும்.

ஒன்று சொல்ல வேண்டும், வீட்டு மீட்டரில் இழுத்தால் இரண்டு மாதத்தில் 420 யூனிட் கூடுகிறது. 500-ஐத் தாண்டினால் ஸ்லாப் மாறி பில் எகிறும். இருந்தாலும் டீசலுக்குக் கொடுத்த காசைப் பார்க்கும்போது அது வலிக்காது.

கேள்வி (வேளச்சேரி வாசகர்): மழைக்காலத்தில்?

பதில்: பேட்டரிக்கு ஐபி67 என்று போட்டிருப்பார்கள். ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே நீர் புகாது என்று அர்த்தம். அது பேட்டரிப் பெட்டிக்கு மட்டும்தான், சீட்டுக்கும் கதவு மோட்டாருக்கும் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது உங்கள் பக்கத்துத் தெருக்களில் தண்ணீர் அரை மணி நேரத்திலா வடிந்தது? ரெட் அலர்ட் என்றால் எலக்ட்ரிக்கோ டீசலோ, முந்தின நாளே மேம்பாலத்தில் இடம் பிடிக்க வேண்டியதுதான்.

கேள்வி (பெயர் வேண்டாம், அடையாறு): டெஸ்ட் டிரைவில் நான் எங்காவது இடித்துவிட்டால் யார் பணம் கட்டுவது?

பதில்: லைசென்ஸைக் காட்டியதும் ஒரு ஃபாரத்தில் கையெழுத்து வாங்குவார்களே, பதில் அதில்தான் இருக்கும். நாம்தான் படிப்பதில்லை. சாவி வாங்கும் முன் நிறுத்தி, “சேதமானா இன்சூரன்ஸ்ல போவீங்களா, என்கிட்ட எவ்வளவு கேப்பீங்க?” என்று நேராகக் கேளுங்கள். கிளம்பும் முன் வண்டியைச் சுற்றி ஒரு வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், ஏற்கெனவே இருக்கிற கீறலுக்கு நீங்கள் ஆளாக வேண்டாம். அப்படியே டிக்கியைத் திறந்து தரையைத் தூக்கிப் பாருங்கள். முக்கால்வாசி மாடல்களில் ஸ்டெப்னி இருக்காது, ஒரு பஞ்சர் கிட்டும் காற்றடிக்கிற சின்ன மெஷினும்தான் இருக்கும். அதைப் பற்றிக் கேட்டால் மட்டும் சேல்ஸ்மேன்கள் ஏனோ உடனே பின்சீட்டு ஏசியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள்.