பார்த்தவனும் காத்தவனும்

அன்புள்ள ஐயா,

திருகோணமலைத் துறைமுகம் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். எனக்கு ஊர் மட்டக்களப்பு, இப்போது டொரொன்டோவில் இருக்கிறேன். லெனார்ட் பர்ச்சால் என்ற கனடிய விமானியைப் பற்றி இங்கே வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். 1942 ஏப்ரலில் காட்டலினா என்ற நீர்-நில விமானத்தில் போய், இலங்கையை நோக்கி வந்த ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பியவர். இங்கே அவரை 'இலங்கையின் மீட்பர்' என்கிறார்கள். ஊரில் படித்த காலத்தில் இந்தப் பெயரை எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. நினைத்தால் கோபம் வருகிறது. அவரை நாயகனாக வைத்து ஒரு நாவல் தொடங்கியிருக்கிறேன். முதல் அத்தியாயத்தை இணைத்திருக்கிறேன்.

மூன்று கேள்விகள். காட்டலினாவை எந்தெந்த நாட்டுப் படைகள் ஓட்டின? அமெரிக்கா செய்த விமானத்தின் புகழ் ஏன் பிற நாட்டவருக்குப் போனது? பர்ச்சால் மட்டும் இல்லாதிருந்தால் இலங்கை ஜப்பானியர் கையில் விழுந்திருக்கும் அல்லவா?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

அத்தியாயத்தைப் படித்தேன். வலை பின்னும் கிழவி வருகிற இரண்டு பக்கங்களும் அருமை, அவளை விட்டுவிடாதீர்கள். ஆனால் பர்ச்சாலின் விமானம் ரத்மலானை ஓடுபாதையில் வந்து இறங்குகிறதே, எதை வைத்து இறங்குகிறது? அவர் ஓட்டியது சக்கரமே இல்லாத காட்டலினா. சக்கரங்களை உள்ளே மடக்கிக்கொண்டு நீரிலும் நிலத்திலும் இறங்குகிற வகை 1939 கடைசியில்தான் முதன்முதலாகப் பறந்தது. பிரிட்டன் வாங்கியவற்றில் பெரும்பாலானவை வெறும் பறக்கும் படகுகள். அவற்றைக் கரையேற்ற வேண்டுமானால் ஆட்கள் தண்ணீரில் இறங்கித் தனிச் சக்கரங்களைக் கொண்டுபோய் மாட்ட வேண்டும், பிறகு டிராக்டர் வைத்து இழுக்க வேண்டும். காலிக்குப் பக்கத்தில் கொக்கல ஏரி இருக்கிறது, தளமும் அங்கேதான் இருந்தது. அந்த மனிதரைக் கொழும்பு வரை ஏன் இழுத்தடிக்கிறீர்கள்? நான்கு புகைப்படங்களைப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். நாவல் எழுத வந்தவருக்கு இந்தச் சோம்பல் ஆகாது.

அத்தியாயம் இணைத்து வரும் கடிதங்களுக்கு நான் பெரும்பாலும் பதில் போடுவதில்லை. உங்களுக்கு எழுதக் காரணம், சில மாதங்களாக இதே விமானத்தைப் பற்றித்தான் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு வழி கனடா அல்ல, செங்குன்றம். அங்கே, சென்னைக்குக் குடிநீர் தருகிற புழல் ஏரியில் 1942-லிருந்து போர் முடியும்வரை பிரிட்டிஷ் விமானப்படையின் காட்டலினாக்கள் மிதந்தன. 240-ஆம் ஸ்குவாட்ரன் என்ற விமானப் பிரிவின் தளம் அது. வங்கக் கடலில் ரோந்து, கப்பல் தொடர்களுக்குக் காவல், எதிரி பிடித்து வைத்திருந்த கரைகளில் இரவோடு இரவாக இரகசிய ஆட்களை இறக்கிவிடுவது எல்லாம் அங்கிருந்து நடந்தது.

என் பெரியப்பா அப்போது சிறுவன். முகாம் சமையலுக்கு விறகு கொண்டுபோகிற வண்டியில் அவருடைய அப்பாவோடு போவாராம். ஏரிக்கரையில் யாரையும் நிற்க விடமாட்டார்கள் என்றாலும் வண்டியிலிருந்து எட்டிப் பார்த்திருக்கிறார். விடியும் முன்பே கிளம்பிப் போகும், மறுபடி இருட்டிய பிறகுதான் வரும் என்பார். சாகும்வரை அவருக்கு ஒரே சந்தேகம்தான். "அவ்வளவு நேரம் அந்தக் கடல்ல என்னடா பார்ப்பான்?" நாங்கள் சிரிப்போம். இப்போது யோசித்தால், அந்த விமானத்தைப் பற்றி யாரும் கேட்ட கேள்விகளில் இதுதான் சரியான கேள்வி என்று படுகிறது. ஒரு ரோந்து என்றால் பதினைந்து மணி நேரம் சாதாரணம். வேகம் மணிக்கு 200 கிலோமீட்டரை ஒட்டி, அந்தக் காலத்துச் சண்டை விமானத்தோடு ஒப்பிட்டால் நகர்கிறது என்றே சொல்ல வேண்டும். எட்டு ஒன்பது பேர் உள்ளே உட்கார்ந்து, முறைவைத்துத் தூங்கி, தேநீர் போட்டுக் குடித்து, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். பெரும்பாலான நாட்களில் ஒன்றும் தென்படாது.

சரி, உங்கள் முதல் கேள்வி. பட்டியல் நீளம். பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, நெதர்லாந்து, சோவியத் ஒன்றியம், பிரேசில், சிலி, நார்வே, ஸ்வீடன் என்று போகும். எல்லாவற்றையும் நான் எழுதி உங்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. பிரேசில் 1982 வரை அமேசான் காட்டு ஊர்களுக்கு அதில் சாமான் கொண்டுபோனது. ஸ்வீடனின் கதை வேறு. 1952 ஜூனில் பால்டிக் கடலில் தொலைந்துபோன தன் டிசி-3 விமானத்தைத் தேட அந்த நாடு ஒரு காட்டலினாவை அனுப்பியது. சோவியத்தின் மிக்-15 விமானங்கள் அதையும் சுட்டு வீழ்த்தின. போர்க்காலத்தில் அமெரிக்காவிடமிருந்து நூற்றுக்கு மேற்பட்ட காட்டலினாக்களை வாங்கி ஓட்டிய நாடு சோவியத். என்ன விமானம் என்று தெரியவில்லை என அவர்களால் சொல்லவே முடியாது. நல்லவேளையாக அதில் இருந்த ஐந்து பேரையும் ஒரு ஜெர்மானியச் சரக்குக் கப்பல் தூக்கிக்கொண்டது.

எனக்கு மனசு போவது டச்சுக்காரர்கள் பக்கம். 1942 மார்ச்சில் ஜாவா விழுந்தபோது தப்பிய சில டச்சுக் கடற்படைக் காட்டலினாக்கள் இலங்கைக்கு வந்து சேர்ந்தன. அவர்களின் தாய்நாடு ஜெர்மனியின் கையில், குடியேற்ற நாடு ஜப்பானின் கையில். கையில் மிஞ்சியது விமானம் மட்டும்தான், அதுவும் அமெரிக்கச் சரக்கு. திருகோணமலை சீனன்குடாவில் அவர்களை வைத்து 321-ஆம் ஸ்குவாட்ரனை அமைத்தார்கள். போர் முடிகிற காலம்வரை அந்த மனிதர்கள் உங்கள் ஊர்ப்பக்கக் கடலைத்தான் சுற்றிச் சுற்றி வந்தார்கள். கனடாவிலிருந்து வந்தவருக்காகக் கோபப்படுகிறீர்களே, இவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

இரண்டாவது கேள்வியைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். விமானத்தை விற்றவனுக்குப் பணம், ஓட்டியவனுக்குப் பெயர். இதில் அநியாயம் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. அப்படியே கணக்குப் பார்த்தாலும் அது குழம்பிப்போகும். 1941 மே 26 அன்று ஜெர்மனியின் பிஸ்மார்க் போர்க்கப்பலைத் தேடிப் பிடித்தது பிரிட்டிஷ் படையின் காட்டலினா. அதன் தலைவர் டென்னிஸ் பிரிக்ஸ் என்ற பிரிட்டிஷ்காரர். கப்பலைக் கண்டபோது ஓட்டிக்கொண்டிருந்தவர் லெனார்ட் ஸ்மித் என்ற அமெரிக்கக் கடற்படை அதிகாரி. அமெரிக்கா அப்போது போரிலேயே இல்லை. பர்ச்சாலின் விமானத்திலும் படைப்பிரிவுதான் கனடாவினுடையது, உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் பிரிட்டிஷ்காரர்கள்.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். இதில்தான் எனக்கு உங்கள்மேல் கோபம்.

இல்லை, விழுந்திருக்காது. ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் கப்பற்படையில் ஐந்து விமானந்தாங்கிகள் இருந்தன, போர்க்கப்பல்கள் நான்கு இருந்தன. சிப்பாய்களை ஏற்றிய கப்பல் ஒன்றுகூட இல்லை. அவர்கள் தீவைப் பிடிக்க வரவில்லை. பேர்ல் துறைமுகத்தில் செய்ததைப்போல, துறைமுகத்தில் நிற்கும் பிரிட்டிஷ் கப்பற்படையை அடித்து நொறுக்க வந்தார்கள். அந்தக் கப்பற்படையும் அங்கே இல்லை. தாக்குதல் வரும் என்று உளவுத்தகவல் முன்பே இருந்தது. ஏப்ரல் முதல் தேதியை ஒட்டி எதிர்பார்த்துக் காத்திருந்த அதன் தளபதி அட்மிரல் சோமர்வில், ஒன்றும் வராமல் போகவே, 600 மைலுக்கு அப்பால் மாலத்தீவின் அட்டு அட்டோலுக்குப் போய்விட்டார். ஷெட்லாண்ட் தீவுகளிலிருந்து கொக்கலவுக்கு வந்து இரண்டு நாள்கூட முழுசாக ஆகாத பர்ச்சால், 4-ஆம் தேதி விடியுமுன் கிளம்பி, தெற்கே 350 மைலுக்கு அப்பால் அந்தக் கப்பல்களைக் கண்டது அப்புறம்தான்.

அவர் செய்தது சின்ன விஷயம் என்று சொல்ல வரவில்லை. ஜப்பானியரின் ஜீரோ சண்டை விமானங்கள் சுட்டுக்கொண்டிருக்கும்போது செய்தியை மூன்றாம் முறையாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஒன்பது பேரில் மூன்று பேர் செத்தார்கள். மீதி ஆறு பேரை ஜப்பானியர் கடலிலிருந்து தூக்கிப்போனார்கள். செய்தி போய்ச் சேர்ந்ததால் கொழும்புத் துறைமுகத்திலிருந்த கப்பல்களைக் கலைத்து அனுப்ப ஓர் இரவு கிடைத்தது. ஆனால் எச்சரிக்கை கைக்கு வந்த பிறகும், மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு காலையில் ஜப்பானிய விமானங்கள் தலைக்குமேல் வந்தபோதுதான் ரத்மலானையிலிருந்த பிரிட்டிஷ் ஹரிக்கேன் சண்டை விமானங்கள் தரையிலிருந்து எழும்பிக்கொண்டிருந்தன. அது பர்ச்சாலின் பிழையா?

பார்ப்பது வேறு, காப்பது வேறு. வாசலில் நாய் குரைத்தால் மட்டும் போதாது, வீட்டுக்குள் தடியெடுத்து வர ஓர் ஆள் வேண்டும். பிஸ்மார்க்கைக் கண்டபோது அந்த ஆள் இருந்தார். ஆர்க் ராயல் விமானந்தாங்கி எட்டும் தூரத்தில் இருந்தது, அதன் சுவோர்ட்ஃபிஷ் விமானங்கள் போய்ச் சுக்கானை உடைத்தன. அந்தப் படையின் தளபதி யார் தெரியுமா? இதே சோமர்வில். மறுநாள் பிஸ்மார்க்குக்குக் கடைசி டார்பிடோக்களைப் போட்ட கப்பல் டார்செட்ஷயர். அந்த டார்செட்ஷயர் 1942 ஏப்ரல் 4 அன்று கொழும்பில்தான் நின்றது. பர்ச்சாலின் செய்தி வந்ததும் அதையும் கார்ன்வால் என்ற இன்னொரு கப்பலையும் இரவோடு இரவாகப் புறப்படச் சொல்லி, சோமர்வில்லோடு போய்ச் சேர உத்தரவிட்டார்கள். மறுநாள் மதியம் நடுக்கடலில் ஜப்பானியர் இரண்டையும் மூழ்கடித்தார்கள். 424 பேர் போனார்கள். மிச்சமிருந்த ஆயிரத்துச் சொச்சம் பேர் முப்பது மணி நேரம் தண்ணீரில் கிடந்தார்கள். அதே அட்மிரல், அதே கப்பல், அதே வகை விமானம், அதே மாதிரிச் செய்தி. ஓராண்டுகூட ஆகவில்லை. பின்னால் நின்ற பலம் மட்டும் மாறிவிட்டது. சோமர்வில்லின் பெரிய விமானந்தாங்கிகள் இரண்டிலும் சேர்த்து நூறு விமானம்கூடத் தேறாது, எதிரியிடம் முந்நூறை ஒட்டி.

இப்போது உங்கள் ஊருக்கு வாருங்கள். 8-ஆம் தேதி மதியம் இன்னொரு காட்டலினா நகுமோவைத் திருகோணமலைக்குக் கிழக்கே கண்டது. செய்தி வந்தது, துறைமுகத்தைக் காலி செய்தார்கள். ஹெர்மிஸ் விமானந்தாங்கி ஒரு விமானம்கூட இல்லாமல் இரவில் வெளியேறித் தெற்கே போனது. 9-ஆம் தேதி காலை பர்ச்சாலின் அதே 413-ஆம் ஸ்குவாட்ரனைச் சேர்ந்த ஃபிளைட் லெப்டினன்ட் தாமஸ் அந்தப் படையைக் கண்டார், செய்தியும் அனுப்பினார். அது பாதியில் நின்றது. விமானத்தில் இருந்த ஒருவரும் திரும்பவில்லை. சில மணி நேரத்தில் மட்டக்களப்புக்கு எதிரே ஹெர்மிஸ் மூழ்கியது. 307 பேர். உதவிக்குக் கூப்பிட்ட சண்டை விமானங்கள் நேரத்துக்கு வந்து சேரவில்லை. இன்று டைவிங் போகிறவர்கள் அந்தக் கப்பலைப் பார்க்க உங்கள் ஊருக்குத்தான் வருகிறார்கள்.

தாமஸ் செய்ததும் பர்ச்சால் செய்ததும் ஒரே வேலை. ஒருவர் மீட்பராம், இன்னொருவர் யாருமில்லை. நமக்கு நாயகன் இல்லாமல் எந்த வரலாறும் தொண்டைக்குள் இறங்குவதில்லை. அந்த நாயகனும் உயிரோடு திரும்பி வந்து கதையைச் சொல்ல வேண்டும். செத்தவனுக்காக யார் பட்டம் வாங்கித் தருவார்? உங்களைப்போல் நன்றாக எழுதத் தெரிந்த பிள்ளையும் வரிசையில் நின்று அதே மாலையைத்தான் போட வேண்டுமா?

பர்ச்சாலைப் பெரிய மனிதர் என்றே நானும் நினைக்கிறேன், காரணம் வேறு. பிடிபட்ட பிறகு மூன்றரை ஆண்டு ஜப்பானில் கைதியாக இருந்தார். நோயாளிக் கைதிகளை வேலைக்குத் துரத்தியபோது குறுக்கே நின்று அடி வாங்கினார். நோயாளிகளை விடுவிக்கும்வரை வேலை செய்யமாட்டோம் என்று கைதிகளை உட்கார வைத்தார். அதற்குத்தான் அவருக்கு ஓபிஇ என்ற பிரிட்டிஷ் விருது கொடுத்தார்கள். வானத்திலிருந்து பார்த்தவர் என்ற ஒரு மாலை நேரத்தைவிட, காவலனுக்கும் காய்ச்சல்காரனுக்கும் நடுவில் நின்ற அந்த ஆண்டுகளில் அவர் உண்மையாகவே சிலரைக் காத்தார். 2004-இல்தான் இறந்தார். உங்கள் அத்தியாயத்தில் இதற்கு ஒரு வரி இல்லை.

நாவலை நிறுத்தச் சொல்லவில்லை. தாமஸின் விமானத்தில் தொடங்கிப் பாருங்கள். அல்லது செய்தி பாதியில் நின்றபோது காதில் கருவியை மாட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்த ஆளிடமிருந்து தொடங்குங்கள். கிழவி கரையில் இருக்கட்டும், அவளுக்கு விமானத்தின் பெயர் தெரிய வேண்டாம். எழுதியதும் அனுப்புங்கள், படிக்கிறேன். முப்பது பக்கத்துக்கு மேல் போனால் படிக்கமாட்டேன்.