ஓசூரில் எங்கள் கோவொர்க்கிங் இடத்தில் (பல தொழில்காரர்கள் பகிர்ந்துகொள்ளும் வாடகை அலுவலகம்) 16 பேர் இருக்கிறோம். பணம் கைமாறாமல், ஒருவர் வேலையை இன்னொருவர் மணிக்கணக்கில் செய்துகொடுப்பது சரிப்பட்டு வருமா?

வரும். ஆனால் "எல்லாரும் எல்லாருக்கும் உதவுவோம்" என்று வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தால் வராது. மொய் நோட்டு மாதிரி கணக்கு எழுத வேண்டும்.

டிசைனர், ஜிஎஸ்டி பார்ப்பவர், வெப்சைட் செய்பவர், சிப்காட் கம்பெனிகளுக்கு ஆட்டோகேட் வரைபடம் போடுபவர் என்று கலந்து இருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். 16 பேரும் ஒரே தொழில் என்றால் விட்டுவிடுங்கள், மாற்றிக்கொள்ள ஒன்றும் இருக்காது.

யார் செய்தாலும் ஒரு மணி ஒரு மணிதான். இப்படி மணிக்கு மணி மாற்றிக்கொள்வதற்கு நேர வங்கி என்று பெயர். 1973-ல் ஜப்பானின் ஒசாகாவில் மிசுஷிமா தெருகோ என்ற பெண் தொடங்கியதும், 1980-களில் அமெரிக்காவில் எட்கர் கான் என்ற வழக்கறிஞர் பரப்பியதும் இந்த விதியோடுதான். "என் மணியும் போஸ்டர் போடுபவர் மணியும் ஒன்றா?" என்று கேட்பவர் கட்டாயம் வருவார். அவர் பணம் வாங்கியே செய்யட்டும், யாரும் தடுக்கவில்லை. மணிக்கு இத்தனை ரூபாய் என்று மட்டும் விலை வைத்துவிடாதீர்கள். அன்றிலிருந்து ஒவ்வொருவரும் லாப நஷ்டம் பார்க்க ஆரம்பிப்பார்கள்.

ஒரு கூகுள் ஷீட் போதும். தேதி, செய்தவர், பெற்றவர், என்ன வேலை, எத்தனை நிமிடம், பெற்றவரின் ஒப்புதல். அளவு 15 நிமிடத்தின் மடங்கு. எல்லாரும் பூஜ்யத்தில் தொடங்குங்கள், செய்தவருக்கு பிளஸ், பெற்றவருக்கு மைனஸ். மைனஸ் 5 மணிக்குக் கீழே போனால் கேட்கக் கூடாது, பிளஸ் 10-க்கு மேலே போனால் செய்யக் கூடாது. எல்லார் இருப்பையும் கூட்டினால் எப்போதும் பூஜ்யம் வர வேண்டும். வராவிட்டால் எங்கோ ஒரு பக்கம்தான் எழுதியிருக்கிறார்கள்.

மேலே வைத்த 10 மணி உச்சவரம்பு எதற்கு என்று நிறைய பேருக்குப் புரிவதில்லை. இந்த ஏற்பாட்டை ஏமாற்றுக்காரர்களை விட அதிகம் கெடுப்பது சேர்த்து வைப்பவர்கள்தான். 1970-களில் வாஷிங்டனில் சுமார் 150 தம்பதிகள் குழந்தை பார்த்துக்கொள்வதை அரை மணி நேரச் சீட்டுகளால் மாற்றிக்கொண்டார்கள். அவசரத்துக்கு ஆகட்டும் என்று எல்லாரும் சீட்டைச் சேர்த்தார்கள். சீட்டைச் செலவழித்து யாரும் வெளியே போகவில்லை, அதனால் யாருக்கும் பார்த்துக்கொள்ளும் வேலையும் கிடைக்கவில்லை. கூடுதல் சீட்டு கொடுத்ததும் ஓட்டம் வந்தது. பிறகு சீட்டு அளவுக்கு மீறிப் பெருகி, வெளியே போக ஆசைப்பட்டவர்கள் கூடி, பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் போனது. உங்களிடமும் நாலு பேர் பிளஸ் 10-லும் எட்டுப் பேர் மைனஸ் 5-லும் நின்றால் முதலில் சொன்ன முடக்கம்தான். அப்போது மைனஸ் எல்லையை 7 ஆக்குங்கள். பிளஸ்ஸில் நிற்பவர்களிடம் போய் "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று நேரடியாகக் கேளுங்கள்.

கேட்கத்தான் நம் ஆட்களுக்குக் கூச்சம். "எனக்கு என்ன தெரியும்" பட்டியல் ஒரே நாளில் நிரம்பும், "எனக்கு என்ன வேண்டும்" பட்டியல் காலியாக இருக்கும். அதனால் தேவைப் பட்டியலை முதலில் வாங்குங்கள், ஆளுக்குக் குறைந்தது இரண்டு கட்டாயம். தொழில் மட்டும்தான் திறமை என்று நினைக்காதீர்கள். ஓசூரில் கன்னடமும் தெலுங்கும் தெரிந்தவர் பக்கத்து மேஜையிலேயே இருப்பார். பெங்களூரு வாடகை ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்வதற்கு அவருடைய அரை மணி பெரிய விஷயம்.

சண்டை வருவது அளவு பேசாத வேலையில். "ஒரு லோகோ" என்பது வேலை விவரம் ஆகாது. என்ன ஃபைல், எத்தனை திருத்தம் (இரண்டு போதும்), அதிகபட்சம் எத்தனை மணி என்று முன்கூட்டியே எழுதுங்கள். ஜிஎஸ்டி பார்ப்பவரை, ரிட்டர்ன் கடைசித் தேதிகளான 11-க்கும் 20-க்கும் முந்தைய நாட்களில் தொடாதீர்கள். பாஸ்வேர்டும் ஓடிபியும் கொடுப்பது கூடவே கூடாது, பக்கத்தில் உட்கார்ந்து செய்யுங்கள். கிருஷ்ணகிரி, தர்மபுரி ஆட்களைச் சேர்த்தால் நேரில் வரச் சொல்லாத வேலையாக மட்டும் கொடுங்கள். தர்மபுரியிலிருந்து ஓசூர் சுமார் 90 கிலோமீட்டர், பயணமே மணிக்கணக்கை விழுங்கிவிடும்.

கணக்கு எழுதுபவருக்கும் கூலி உண்டு. மாதம் ஆளுக்கு 15 நிமிடம் எடுத்தால் 16 பேருக்கு 4 மணி, அதை அவர் கணக்கில் ஏற்றுங்கள். இலவசமாகச் செய்யச் சொன்னால் சீக்கிரமே ஷீட் அநாதையாகிவிடும். சீட் வாடகையை மட்டும் இதில் கலக்காதீர்கள், இடத்துக்காரர் கரண்ட் பில்லை மணியில் கட்ட முடியாது.

"வரி ஏய்ப்பா?" என்பவர்களுக்கு: ஜிஎஸ்டி சட்டத்தின் 7-ஆம் பிரிவில் பண்டமாற்றும் சப்ளைதான். பதிவு பெற்றவர்கள் தங்கள் தொழில் சேவையையே மாற்றிக்கொண்டால் ஆடிட்டரைக் கேட்டுவிட்டுச் செய்யட்டும்.

இது ஓசியில் வேலை வாங்கும் தந்திரம் என்று எழுத வருபவர்களுக்கும் ஒன்று. ஓசியில் வேலை வாங்குவது வேறு ஆட்கள். பில் போட்டு மூன்று மாதம் இழுக்கும் பெரிய வாடிக்கையாளர்கள்தான் இங்கே உண்மையான கொடுமை. குறு, சிறு நிறுவனமாக உத்யம் பதிவு (மத்திய அரசு இணையதளத்தில் செய்வது) இருந்தால், எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும், ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். தாமதத்துக்குக் கூட்டு வட்டி கேட்கச் சட்டம் இருக்கிறது. பதிவு செய்யாமலேயே புலம்பும் ஃப்ரீலான்சர்கள் எத்தனை பேர்! உங்கள் ஷீட்டின் முதல் வேலையாக, உத்யம் பதிவு தெரிந்தவர் மற்றவர்களுக்குப் போட்டுக் கொடுக்கட்டும். ஆளுக்கு அரை மணி கணக்கு எழுதுங்கள்.