பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் நடுவுல மரத்துல மறைப்பு வேலி போட்டா ஆடாம நிக்க என்ன பண்ணணும்?

வேலின்னதும் பலகை, டிசைன், பெயின்ட் எல்லாம் முதல்ல முடிவு பண்ணிடுவோம், கம்பத்தப் பத்தி மட்டும் யோசிக்க மாட்டோம். நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். ஆறடி உயரத்துக்கு வேலி போட்டு நாலாவது வருஷம், ஒரு ராத்திரி அடிச்ச காத்துல மூணு கம்பத்தோட அப்படியே பக்கத்து வீட்டுப் பக்கம் சாஞ்சிருச்சு. காலையில அந்த வீட்டு அக்கா வந்து வேற எதுவும் கேக்கல, "தம்பி, நல்லவேளை, புள்ளைங்க விளையாடுற நேரத்துல விழல"ன்னாங்க. அந்த வார்த்தைதான் இத்தன வருஷம் கழிச்சும் மனசுல நிக்குது, அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

விழுந்ததுல பலகை ஒண்ணுகூட உடையல, ஆணி கழரல. கம்பம் மட்டும் சரியா மண் மட்டத்துல முறிஞ்சிருந்துச்சு. அந்த எடத்துல விரல வச்சு அமுக்கினா நனைஞ்ச அட்டை மாதிரி உள்ள போகுது, ஒரு சாண் மேல கல்லு மாதிரி இருக்கு, தோண்டி எடுத்த அடிக்கட்டையும் ஓரளவு நல்லாத்தான் இருந்துச்சு. ஈரமும் காத்தும் ஒண்ணா கிடைக்கிற எடம் அதுதான், அதனால மரம் முதல்ல அங்கதான் மக்கும். நாங்க கான்கிரீட்ட மண்ணுக்குக் கீழயே கிண்ணம் மாதிரி குழிவா விட்டிருந்தோம், மழைத்தண்ணி கம்பத்தச் சுத்தி நின்னு நின்னு தின்னுருச்சு.

ரெண்டாவது தடவை 9 அடி கம்பம் வாங்கி 3 அடிய மண்ணுக்குள்ள விட்டோம். 2 அடி போதும்னு இங்கயே யாராவது வந்து சொல்வீங்க, கெட்டி மண்ணா இருந்தா நிக்கலாம், நான் மறுக்கல, ஆனா இடுக்கு இல்லாத வேலி கப்பல் பாய் மாதிரி மொத்த காத்தையும் வாங்கும், எங்க பழைய வேலியில மக்காத கம்பம்கூட 2 அடி ஆழத்துல சாஞ்சுதான் நின்னுச்சு. குழி கம்பத்தப் போல மூணு மடங்கு அகலம், அடியில அரையடி ஜல்லி போட்டா தண்ணி இறங்கிரும், கான்கிரீட்ட மண்ணுக்கு மேல கொஞ்சம் தூக்கி, கம்பத்துலேர்ந்து வெளிய சரியுற மாதிரி பூசிவிடணும். மக்காம இருக்க மருந்து ஏத்தின மரம்தான் வாங்கணும், அதையும் அறுத்துட்டா அறுத்த முனையில மருந்து இருக்காது, அதனால அறுத்த பக்கத்த மேல வச்சு அதுக்கும் மருந்து தடவுங்க. கம்பத்துக்குக் கம்பம் 8 அடி விடுறவங்க உண்டு, நான் 6 அடிதான் விட்டேன், பலகைய அடிக்கிற குறுக்குச் சட்டம் ரெண்டு போதாது, மூணு வேணும்.

கம்பம் செங்குத்தா நிக்குதான்னு தூக்குக்குண்டு, ரசமட்டம் ரெண்டுலயும் பார்த்து நட்டு வைங்க.

பலகைய ஒரு வாரம் கழிச்சு அடிங்க, கான்கிரீட் இறுகட்டும். ஈரப் பலகைய நெருக்கி அடிச்சா காஞ்சதும் அகலத்துல சுருங்கி இடுக்கு விழும், மறைப்புக்குன்னு போட்டு எல்லாமே தெரியும், அதனால ஒண்ணு மேல ஒண்ணு ஒரு இஞ்ச் ஏறுற மாதிரி அடிங்க. கீழ மண்ணுலேர்ந்து ரெண்டு இஞ்ச் தூக்கி நிறுத்துங்க. ஆணி, ஸ்க்ரூ எல்லாம் துருப்பிடிக்காததா இருக்கணும், துரு வடிஞ்சு பலகையெல்லாம் கறுத்துப் போறத நான் பார்த்திருக்கேன்.

முக்கியமா, குழி தோண்டுறதுக்கு முன்னாடி எல்லைய அளந்து பக்கத்து வீட்டுக்காரங்களையும் கூட்டி வச்சுக் காட்டிருங்க. நான் ஒரு சாண் என் எடத்துக்குள்ளயே தள்ளி நட்டேன், பலகையோட நல்ல பக்கத்த அவங்களுக்கு விட்டேன், அது என் இஷ்டம், எல்லாரும் செய்யணும்னு சொல்லல. நூல் பிடிச்ச அன்னிக்கு மறுமுனைய அந்த அக்காதான் பிடிச்சாங்க.

இப்ப ஏழாவது வருஷம் நடக்குது. மழைக்காலம் முடிஞ்சதும் ஒவ்வொரு கம்பத்தையும் மண் மட்டத்துல ஸ்க்ரூட்ரைவர் நுனியால குத்திப் பார்ப்பேன், இதுவரைக்கும் ஒண்ணுலயும் உள்ள இறங்கல.