பிரிட்டிஷ் இசைக்குழுவான டென் சிசியின் 'ஐம் நாட் இன் லவ்' பாட்டில் பின்னால் கேட்கும் அந்தக் குரல் கடல் எப்படி உருவானது?

அது சின்தசைசர் இல்லை, பாடகர் குழுவும் இல்லை. குழுவின் மூன்று பேர் பாடியதுதான்.

1975-இல் வந்த இந்தப் பாட்டை எழுதியவர்கள் குழுவின் எரிக் ஸ்டூவர்ட், கிரஹாம் கோல்ட்மன். "ஏன் அடிக்கடி காதலைச் சொல்வதில்லை" என்று மனைவி கேட்டதுதான் ஸ்டூவர்ட்டுக்குப் பொறி. முதலில் போசா நோவா என்ற பிரேசில் இசைப் பாணியின் தாளத்தில் பதிவு செய்தார்கள். குழுவுக்கே அது பிடிக்காமல் ஓரங்கட்டினார்கள். பிறகு குழுவின் இன்னொருவரான கெவின் காட்லி, வாத்தியங்களுக்குப் பதில் குரல்களாலேயே செய்து பார்க்கலாம் என்றார்.

இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட்டில் இருந்த ஸ்ட்ராபெரி ஸ்டூடியோவில் வேலை நடந்தது. கோல்ட்மன், காட்லி, லால் கிரீம் மூவரும் ஒரே சுரத்தில் "ஆ" என்று 16 முறை பாட, ஒரு சுரத்துக்கு 48 குரல்கள். இப்படி 13 சுரங்கள். மொத்தம் 624 குரல்கள்! ஒவ்வொரு சுரமும் பதிந்த ஒலிநாடாவை வளையமாக ஒட்டி, முடிவில்லாமல் ஓடவிட்டுப் பதிந்தார்கள்.

எனக்கு மலைப்பு தருவது அடுத்த கட்டம். ஸ்டூவர்ட்டும் சேர்ந்து நால்வரும் ஒலிகளைக் கலக்கும் மிக்சிங் மேசை முன் நின்று, ஒவ்வொரு சுரத்துக்கும் உரிய ஃபேடரை, அதாவது ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்தியை, ஏற்றி இறக்கி, மேசையையே வாத்தியமாக வாசித்தார்கள். ஃபேடர்கள் முழுதாக இறங்காதபடி மேசையில் ஒட்டும் டேப் ஒட்டித் தடுத்ததால்தான் மௌனமான இடங்களிலும் அந்த மெல்லிய முணுமுணுப்பு.

நடுவில் கிசுகிசுக்கும் பெண் குரல் ஸ்டூடியோ செயலாளருடையது. பாட்டு பிரிட்டனில் முதலிடம், அமெரிக்காவில் இரண்டாமிடம். ஹெட்ஃபோனில் கேளுங்கள், ஃபேடர்கள் நகர்வதே காதில் விழும்.