ஆலிம் படிப்புக்குப் போனால் பிளஸ் டூ? குன்னூர் பாய்க்குப் பதில்

அஸ்ஸலாமு அலைக்கும் பாய். பத்தாவதும் ஹிஃப்ளும் (குர்ஆன் மனனம்) முடித்த மகனை ஆலிம் (மார்க்க அறிஞர்) படிப்புக்கு அனுப்பினால் பிளஸ் டூ போய்விடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். போகாது. தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் மதரஸாவில் இருந்தபடியே எழுதலாம். தேர்வுக்கு விடுவார்களா என்று மட்டும் சேர்க்கும் முன்பே கேட்டுவிடுங்கள், சில இடங்களில் முகம் சுளிப்பார்கள்.

வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் மதரஸாவைத்தான் நான் சொல்வேன். பெயருக்குப் பின்னால் 'பாகவி' போடுகிறவர்கள் அங்கே ஓதி முடித்தவர்கள். மதரஸா சேர்க்கை பெரும்பாலும் ரமலானுக்கு அடுத்த ஷவ்வால் மாதத்தில், அதனால் நோன்புப் பெருநாள் முடிந்ததும் கிளம்பிவிடுங்கள். (குன்னூர்க் குளிரில் வளர்ந்த பிள்ளை, வேலூர் வெயிலில் கொஞ்சம் வாடித்தான் போவான்.)

அப்புறம், கிதாபு (பாட நூல்கள்) ஓதினால் மட்டும் பள்ளிவாசலில் தொழவைக்கும் இமாமாகிவிட முடியாது. மையித்தை (இறந்தவர் உடலை) குளிப்பாட்டுவது, நிக்காஹ் தப்தர் (திருமணப் பதிவேடு) எழுதுவது, ஜமாஅத் சண்டையில் வாயைத் திறக்காமல் இருப்பது எல்லாம் கூட இருந்து பார்த்தால்தான் வரும். இந்த ரமலானில் உங்கள் பள்ளிவாசலிலேயே தராவீஹ் என்ற இரவுத் தொழுகையில் மகனை நாலு ரக்அத் தொழவைக்கச் சொல்லுங்கள். திக்கினால் பின்னால் நிற்கிற ஹாபிள் (குர்ஆனை மனனம் செய்தவர்) எடுத்துக் கொடுப்பார்.