வேலை மாறும் யோசனையில் இருக்கிறேன்; குழு சிகிச்சைப் பயிற்சி ஒன்றில் சேர்ந்து பார்க்கலாமா?

சேருங்கள். வேலையை விடுவதற்கு முன்னாலேயே சேருங்கள்.

"எல்லாரும் என்னிடம் மனம்விட்டுப் பேசுகிறார்கள், அதனால் கவுன்சலர் ஆகலாம் என்று தோன்றுகிறது" என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். இதையே சொல்லிக்கொண்டுதான் நானும் போன வருடம் அப்படி ஒரு பயிற்சிக்குப் போனேன். மனக்கஷ்டம் உள்ள பலரைச் சிகிச்சையாளரோடு ஒன்றாக உட்கார வைத்து, பேச்சு வழியாகக் குணப்படுத்துவதுதான் குழு சிகிச்சை. அங்கே எனக்கு முதலில் ஆட்டம் கண்டதும் இந்த எண்ணம்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் மதுரையில் ஒரு வங்கிக் கிளையில் 16 வருடமாக வேலை பார்க்கிறேன். அதில் பாதிக்கு மேல் நகைக்கடன் பிரிவில். நகையை அடகு வைக்க வருகிறவர்கள் காரணத்தையும் சேர்த்தே சொல்வார்கள். மகளுக்குக் காலேஜ் ஃபீஸ், மாமனாருக்கு ஆஸ்பத்திரிச் செலவு, கணவர் வேலைக்குப் போகாமல் ஆறு மாதம் ஆகிறது. ஏல நோட்டீஸ் கிடைத்த பிறகு வருகிறவர்கள் அழுதுவிடுவார்கள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்து, ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, சொல்வதை எல்லாம் கேட்பேன். "சார், நீங்க இந்த சீட்ல இருக்க வேண்டிய ஆளே இல்ல, கவுன்சலிங் படிச்சிருக்கலாம்" என்று கூட வேலை பார்ப்பவர்களும் சொல்வார்கள். 41 வயதில் அந்த வார்த்தை மனதில் உட்கார்ந்துவிட்டது.

பயிற்சி மூன்று வார இறுதிகள், மொத்தம் ஆறு நாள். பத்துப் பேர், இரண்டு பயிற்றுநர்கள். காலையில் பாடம் நடக்கும். 1905-ல் பாஸ்டனில் ஜோசப் பிராட் என்ற மருத்துவர், சானடோரியத்துக்கு (காசநோய்க்கென்றே இருந்த மருத்துவமனை) போக வசதியில்லாத காசநோயாளிகளை ஒன்றாக உட்கார வைத்து உடம்பைப் பார்த்துக்கொள்ளும் முறையைச் சொல்லிக்கொடுத்ததிலிருந்து ஆரம்பித்தார்கள். அந்தப் பாடத்தைவிட, ஒரே நோயுள்ளவர்கள் சேர்ந்து உட்கார்ந்ததே அவர்களுக்குத் தெம்பு கொடுத்தது என்பதை அவர் போகப் போகத்தான் கவனித்தார். அப்புறம் இர்வின் யாலம் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் வகுத்த 11 காரணிகள். குழு ஏன் ஆளைக் குணப்படுத்துகிறது என்பதற்கு அவர் சொன்னவை. நமக்கு மட்டும்தான் இப்படி என்ற எண்ணம் உடைவதும், இன்னொருவருக்கு நம்மால் உதவ முடிகிறது என்று தெரிவதும் அதில் உண்டு. இதெல்லாம் படித்தாலே புரிந்துவிடும். பிற்பகல்தான் கடினம்.

பிற்பகலில் நாங்களே குழு. வட்டமாக நாற்காலிகள், ஒன்றரை மணி நேரம், பேச வேண்டிய தலைப்பு என்று எதுவும் கிடையாது. இந்த அறையில், இந்த நேரத்தில், நமக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் பேச்சு. முதல் நாள் பத்து நிமிடம் யாரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "உங்களுக்கு ஊரு எது? ஊர்ல எந்தப் பக்கம்?" என்று கேட்டார். அந்தக் கேள்வி எதைத் தெரிந்துகொள்ளக் கேட்கப்படுகிறது என்பது அறையில் எல்லாருக்கும் தெரியும். கேட்கப்பட்ட இளைஞர் முகம் இறுகிப்போய்ப் பேசாமல் இருந்தார். வெளியே என்றால் நாம் பேச்சை மாற்றிவிடுவோம். பயிற்றுநர் மாற்ற விடவில்லை. கேட்டவரிடம், "அதைத் தெரிஞ்சுக்கிட்டா உங்களுக்கு எது சுலபமாகும்?" என்று மட்டும் கேட்டார். குரலில் கோபமே இல்லை. அன்றைக்கு மீதி நேரம் முழுக்க அதிலேயே போனது. இவ்வளவு நேர்மையாகச் சாதியைப் பற்றி முன்பின் தெரியாதவர்கள் பேசி நான் கேட்டதில்லை.

மூன்றாம் நாள் என் முறை வந்தது. (சம்பந்தப்பட்டவரின் அனுமதியோடு, சில விவரங்களை மாற்றித்தான் இதை எழுதுகிறேன்.) குழுவில் ஐம்பது வயதைத் தாண்டிய ஆசிரியை ஒருவர் இருந்தார். எல்லாரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். மகன் தன்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டதைச் சொல்லும்போது அழ ஆரம்பித்தார். நான் சட்டென்று எழுந்து போய்த் தண்ணீர் பாட்டிலை அவர் கையில் கொடுத்தேன். "கவலைப்படாதீங்க டீச்சர், இந்த வயசுல பசங்க அப்படித்தான், தானா வருவான்" என்றும் சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாரி தம்பி" என்றார். பேச்சு நின்றுவிட்டது.

பயிற்றுநர் என் பக்கம் திரும்பினார். "அவங்க அழுதப்போ உங்களுக்குள்ள என்ன ஆச்சு?"

என்னிடம் பதில் இல்லை. உதவத்தானே செய்தேன் என்று எரிச்சல்தான் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து டீச்சரே சொன்னார்: "நீங்க தண்ணி கொடுத்ததும், போதும் அழுததுன்னு சொல்ற மாதிரி இருந்துச்சு தம்பி." அவர் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் பதினாறு வருடத்தில் நான் கொடுத்த அத்தனை டம்ளர் தண்ணீரும் அந்த நிமிடம் நினைவுக்கு வந்தது. அழுகையைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை, அதனால் நிறுத்த வைத்திருக்கிறேன். எல்லாத் தண்ணீரும் அப்படி என்று சொல்ல மாட்டேன், தாகத்துக்கும் கொடுத்திருக்கிறேன். ஆனால் பாதிக்குப் பாதியாவது அப்படித்தான்.

அதே மாலை அந்த இளைஞர் இன்னொன்று சொன்னார். "சார், மூணு நாளா எல்லாரைப் பத்தியும் கேக்குறீங்க. உங்களைப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியலயே." எல்லாரும் ஏன் என்னிடம் பேசுகிறார்கள் என்பதற்கான காரணத்தில் ஒரு பங்கு அதிலே இருந்தது. என் கதையை நான் எங்கும் சொன்னதில்லை. கேட்டுக்கொண்டே இருந்தால் யாரும் நம்மைக் கேட்கமாட்டார்கள். எனக்கு அது வசதியாக இருந்திருக்கிறது.

இதனால் நான் கவுன்சலர் ஆகத் தகுதியில்லாதவன் என்று முடிவு செய்யவில்லை. இந்த வேலையின் ஆரம்பப் பாடமே அங்கேதான் தொடங்குகிறது என்று தெரிந்துகொண்டேன். புத்தகம் படித்தோ, இரண்டு நாள் ஆன்லைன் வகுப்பிலோ இது எனக்குத் தெரிந்திருக்காது. வங்கிக்குத் திரும்பிய முதல் வாரம் ஓர் அம்மா ஏல நோட்டீஸோடு வந்து அழுதார். தண்ணீரை மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். நகையைப் பற்றியே பேசவில்லை அவர். அதை அடகு வைக்கச் சொன்ன ஆளைப் பற்றிப் பேசினார்.

சரி, நடைமுறை விஷயங்களுக்கு வருகிறேன். இந்த மாதிரிப் பயிற்சியின் சான்றிதழை வைத்துக்கொண்டு யாருக்கும் சிகிச்சை கொடுக்க முடியாது, கொடுக்கவும் கூடாது. மருத்துவ உளவியலாளராக வேண்டும் என்றால், 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் ஏற்கும் படிப்பும் அதில் பதிவும் வேண்டும். இன்னொன்று, வேலையில் இருந்துகொண்டே அஞ்சல் வழியில் எம்.ஏ. உளவியல் படித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தால் கவனியுங்கள். 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உளவியலைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அறிவித்துவிட்டது. நானும் அந்தக் கணக்கைத்தான் போட்டிருந்தேன்.

சேரும் முன் நடத்துகிறவர்களிடம் கேளுங்கள். அவர்கள் எங்கே படித்தார்கள், அவர்கள் வேலையை மேற்பார்வை பார்ப்பது யார், யாராவது நடுவில் உடைந்துபோனால் அன்று இரவு யாரைக் கூப்பிடலாம் என்று. கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் இல்லை என்றால் பணம் கட்டாதீர்கள். ரகசியம் காப்போம் என்று எல்லாரும் முதல் நாள் சொல்வோம், ஆனால் மதுரை மாதிரி ஊரில் பத்துப் பேரில் ஒருவருக்காவது உங்கள் சொந்தக்காரரைத் தெரிந்திருக்கும். உங்கள் ஊருக்கு வெளியே சேர முடிந்தால் நல்லது. குழு சிகிச்சை நிஜமாக எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள, சென்னையில் உள்ள டி.டி.கே. மருத்துவமனை போன்ற போதை மீட்பு மையங்களில் வேலை பார்த்தவர் யாராவது கிடைத்தால் பேசிப் பாருங்கள். குடியை விட நினைப்பவர்கள் தங்களுக்குள் கூடிப் பேசும் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டங்களையும் இதையும் ஒன்றாக நினைக்க வேண்டாம், அங்கே சிகிச்சையாளர் என்று ஒருவர் கிடையாது.

இப்போதே மனம் மிகவும் நொந்துபோய், அதனால்தான் வேலையை விட நினைக்கிறீர்கள் என்றால், பயிற்சிக் குழு அதற்கான இடம் அல்ல. முதலில் தனியாக ஒருவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மனாஸின் எண் 14416, தமிழிலேயே பேசலாம்.

நான் வேலையை விடவில்லை. நேரடி எம்.ஏ. என்றால் சம்பளமில்லாத இரண்டு வருடம், வீட்டுக்கடன் பாக்கி இருக்கிறது. மனைவியோடு உட்கார்ந்து கணக்குப் போட்டதில், இன்னும் மூன்று வருடம் பொறுக்கலாம் என்று முடிவு. பயிற்சி முடிந்த பிறகும் அந்தக் குழு மாதத்தில் ஒரு ஞாயிறு பயிற்றுநரோடு கூடுகிறது. தவறாமல் போகிறேன். போன முறை முதலில் பேசியது நான்தான்.